மூடியை உள்ளிருந்து பிடித்திருப்பவன்

சுவரில் இரண்டு தட்டு. "இருக்கியா?" என்று பொருள். பதிலுக்கு ஒரு தட்டு. "இருக்கேன்" என்று பொருள்.

அம்மாவைப் புதைத்த வாரத்தில் தொடங்கிய வழக்கம் அது. அப்போது சாகிலேவுக்கு ஏழு வயது, அவன் சிசி என்று கூப்பிடும் அக்கா நொமாலங்காவுக்குப் பத்தொன்பது. உம்லாசியில் அவர்களுடைய நான்கறை வீட்டின் உட்சுவர்கள் ஒற்றைக் கல் கனம்தான். இருட்டில் அவன் விரல் முட்டியால் தட்டினால், மறுபக்கம் படுத்திருக்கும் அவளுடைய நெற்றிக்குள் தட்டுவது போலிருக்கும். அவன் வளர்ந்து, மீசை வைத்து, இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு, வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும், இரண்டு தட்டு. இப்போது அதற்குத் தேநீர் என்று பொருள். ஆனாலும் இருவருக்கும் பழைய பொருள் தெரியும்.

அவன் வடக்கே கிளம்புவதற்கு முந்தைய மாலையும் தட்டினான். நொமாலங்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை ரொட்டி மாவில் இருந்தன. அவள் தட்டவில்லை. "கேட்டுச்சுடா!" என்று கத்தினாள்.

சற்று நேரம் கழித்து அவன் மறுபடியும் தட்டினான். இரண்டு தட்டு.

"காது கேக்கலையா உனக்கு? கையில மாவு!"

தேநீர்க் கோப்பையோடு அவள் அவனுடைய அறைக்குப் போனபோது, அவன் டப்பாக்களின் முன்னால் மண்டியிட்டிருந்தான். பதினோரு டப்பா. பிஸ்கட் போட்டு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாக்கள், கழுத்துவரை மணல் கலந்த மண், மேலே கொஞ்சம் காய்ந்த இலைச் சருகு. பார்க்கிறவர்களுக்கு மண்ணைத் தவிர எதுவும் தெரியாது. மண்ணுக்குள் ஒவ்வொன்றிலும் ஒரு டரான்டுலா சிலந்தி, பட்டு நூலால் மெழுகிய குழாய் போன்ற பொந்தில், மேலே மண்ணும் பட்டும் சேர்த்துத் தானே செய்த வட்ட மூடியைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூடியின் விளிம்பு எங்கே என்று சாகிலே விரலால் காட்டினால்தான் உண்டு.

"பக்கத்து வீட்டுக்காரங்க கரப்பானைக் கொல்ல மருந்து வாங்குறாங்க. நீ இதுங்களுக்குத் தீனி போட காசு குடுத்துக் கரப்பான் வாங்குற," என்றாள்.

"சிசி, இதோட பாதம் நீலமா இருக்கும். வானத்துல அந்த நீலம் கிடையாது."

"பார்த்தது யாரு? ஒரு வருஷமா இந்த வீட்டுல பதினோரு ஓட்டைதான் பார்க்கிறேன். நாளைக்கு நீ கல்யாணம் பேசப் போனா பொண்ணோட அப்பன் பதினோரு மாடு கேப்பான். இந்த டப்பாவை வரிசையா நிறுத்து."

அவன் சிரித்தான். ஒரு பேனாவின் மூடியால் ஒரு பொந்தின் மூடியை மெல்ல நெம்பினான். அது அசையவில்லை.

"பாத்தியா? உள்ளேயிருந்து இழுத்துப் பிடிச்சிருக்கு. நகத்தைப் பட்டுல குத்தி, கால் எட்டையும் சுவத்துல ஊன்றி. நெம்பினா மூடி கிழியும், விடாது."

"எப்பவும் இப்படித்தானா?"

"இல்ல. பயந்தா மட்டும்தான்."

மறுநாள் அவன் கிளம்பிப் போனான். இந்தச் சிலந்திகள் பிறந்து வளரும் மண் வடக்கே, பொங்கோலா ஆற்றின் பக்கம் இருந்தது. அவற்றை அங்கிருந்து எடுத்து வரக் கூடாது. அவன் எடுத்ததும் இல்லை. அவனிடம் இருந்ததெல்லாம் டப்பாவில் பிறந்தவை, அதற்கு அனுமதிச் சீட்டும் வைத்திருந்தான். சொந்த மண்ணில் அந்த மூடி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய ஆசை.

படுத்துத்தான் பார்த்தான். மணல் அள்ளிக் கைவிட்ட பழைய பள்ளம் ஒன்றின் அடியில், கரையோரம் குப்புறப் படுத்து, முகத்தைப் பொந்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக் காத்திருந்தபோது கரை சரிந்தது. தலையிலிருந்து இடுப்புவரை மூடியது. வழிகாட்டியாகப் போயிருந்த மதென்ஜ்வா கையாலேயே தோண்டி இழுத்திருக்கிறார். வாய் நிறைய மணல் இருந்ததாம்.

*

உடல் சவக்கிடங்கின் வண்டியில் வந்துவிட்டது. ஆனால் உடலோடு ஆள் வந்துவிடுவதில்லை. செத்த இடத்திலேயே அவன் நின்றுகொண்டிருப்பான்; முள் இலந்தைக் கிளையோடு போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழி சொல்லிச் சொல்லி வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் செய்கிற வேலை. ம்யேனி குடும்பத்தில், மரியாதைக்கு மாம்யேனி என்று அழைக்கப்படும் அவளைத் தவிர யாரும் மிச்சமில்லை.

"கிளை கையில ஏறின பிறகு அவன்கிட்ட மட்டும்தான் பேச்சு," என்றாள் பக்கத்து வீட்டு மாகுமாலோ, கிளையைச் சுற்ற வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டே. "வேற யாருகிட்டயும் மூச்சு விடாதே. போலீஸ் நிறுத்தினாலும் கிளையைக் காட்டு, புரிஞ்சுக்குவான். உனக்கு இது கஷ்டமில்ல மகளே. நான் போயிருந்தா முதல் ஆத்துலயே அவனைத் தொலைச்சிருப்பேன்."

பேருந்து நிலையத்தில் இரவைக் கழித்து, மறுநாள் காலை அவள் அந்தப் பள்ளத்தில் இறங்கினாள். மணல் ஈரமாக, குளிர்ந்து, துருவின் மணத்தோடு இருந்தது. கரை முழுதும் கலைந்து கிடந்தது. எங்கே படுத்திருந்தான் என்று எப்படித் தெரியும் என்று பயந்துகொண்டே வந்தவளுக்கு, இறங்கியதும் அது கண்ணில் பட்டது. மேற்குப் பக்கம் நிழலில், மணலில் ஒரு பள்ளமான தடம். ஒரு ஆள் குப்புறப் படுத்து எழுந்தது போல. தோள், இடுப்பு, முகம் அழுந்திய வட்டக் குழி. எல்லாம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக் காற்றும் மழையும் அதைத் தொடவில்லை.

அவள் கிளையை அந்த முகக்குழியில் வைத்தாள்.

"சாகிலே. ம்யேனி. நான் நொமாலங்கா. உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எழுந்து வா."

மேலே கரையில் நின்ற மதென்ஜ்வா ஒரு கையைத் தூக்கினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கையைக் கீழே போட்டார். ஈ விரட்டுகிறார் என்று நினைத்தாள்.

கிளையைத் தூக்கினாள். கனத்தது. இலந்தைக்கு ஒரு முள் நேராகவும் அடுத்தது பின்னோக்கி வளைந்தும் இருக்கும். அந்த வளைந்த முள்ளெல்லாம் மணலுக்குள் எதையோ கொத்திப் பிடித்தது போல, வெளியே வரும்போது மெதுவாக, மனமில்லாமல் வந்தது. வந்துவிட்டான் என்று அவளுக்கு அழுகை வந்தது.

மேலே ஏறியதும் மதென்ஜ்வா ஒரு டப்பாவை நீட்டினார். சாகிலே படம் எடுக்கும் சாமான்களோடு கொண்டுபோன காலி டப்பா. இப்போது அதில் மண் இருந்தது.

"பையன் பார்க்கணும்னு வந்தது இதுதான், மாம்யேனி. அவன் முகத்துக்கு நேரா இருந்த பொந்து. சுத்தி இருந்த மண்ணோட அப்படியே கிளறி எடுத்து வெச்சிருக்கேன். எடுக்கக் கூடாதுதான். மனசு கேக்கல." இன்னும் ஏதோ சொல்ல வாய் திறந்தார். அவள் கையிலிருந்த கிளையைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார். பேசக் கூடாதவளிடம் கேள்வி போடுவதும் தப்பு.

அவள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். வேன் வந்ததும் டப்பாவைப் பின்னால் மூட்டைகளுக்கு அடியில் செருகினாள். அதனிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்கு எதுவும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கிளைக்கு ஒரு இருக்கை. ஓட்டுநர் இரண்டு பேருக்குக் காசு வாங்கிக்கொண்டு பாட்டை நிறுத்தினார். கிளையைச் சன்னல் ஓரம் படுக்க வைத்து, அதன் பக்கம் குனிந்து அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இப்ப வண்டியில ஏறிட்டோம். இப்ப பொங்கோலாவைத் தாண்டறோம். பயப்படாதே, பாலம் இருக்கு."

முன் இருக்கைப் பெண் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சன்னல் ஓர இருக்கையின் ரெக்சின், யாரோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது போல் அமுங்கியிருந்தது. அந்தப் பெண் எழுந்து, தன் கூடையை எடுத்துக்கொண்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏன் சிசி?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா. அங்க குளிருது."

"இப்ப உம்ஃபொலோசி. பெரிய ஆறு. தாண்டிட்டோம். இப்ப துகேலா," என்றாள் நொமாலங்கா கிளையிடம்.

இருக்கையிலிருந்து ஈர மணலின் மணம் வந்தது. சாகிலேவின் மணம் வேறு: இருமல் மிட்டாயும் பெயிண்டும். அது வரவில்லை. ஆனால் செத்தவனுக்கு எந்த மணம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"இப்ப உம்கேனி. ஊர் வந்துடுச்சு. இது நம்ம தெரு. இதுதான் வாசல். உள்ள வா."

வீட்டின் பின்மூலை முன்னோர்களுக்கானது. அங்கே முன்னோர்களை அழைக்கும் இம்பெஃபோ மூலிகை புகைந்துகொண்டிருந்தது. கிளையை மூலையில் சாய்த்து வைத்தாள்.

"இதுதான் உன் இடம்," என்றாள்.

புகை மூலையை விட்டு விலகி, எதிர்ப்பக்கம் போயிற்று.

*

சனிக்கிழமை அடக்கம். கிளையையும் அவனோடு குழிக்குள் வைத்தார்கள். வந்தவர்கள் உபுத்து என்ற சோளக் களியும் இறைச்சியும் சாப்பிட்டார்கள், கால்நீட்டி உட்கார்ந்து அவனுடைய சிலந்திகளைப் பற்றிச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். நொமாலங்கா கிளினிக்கில் நோயாளிகளின் அட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு கரப்பான் குஞ்சைப் போட்டாள். பன்னிரண்டாவது டப்பாவையும் மற்றவற்றோடு அலமாரியில் வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்கு, அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் இரண்டு தட்டு கேட்டது.

கத்தி நின்றது.

இரண்டு தட்டு. மிகச் சிறியதாக, நகத்தால் பிளாஸ்டிக்கில் தட்டுவது போல.

அவன் அறைக்குள் போனாள். சாயங்கால வெளிச்சத்தில் பன்னிரண்டு டப்பாவும் அசையாமல் இருந்தன. பன்னிரண்டாவதின் மண்ணில் மூடி அரை விரல் உயர்ந்திருந்தது. இடுக்கில் நீலப் பாதங்கள் இரண்டு. அவன் சொன்னது சரிதான். வானத்தில் அந்த நீலம் இல்லை. ஆனால் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இருமல் மிட்டாயின் மணம் வந்துகொண்டிருந்தது. பொந்தின் வாயைச் சுற்றியிருந்த பட்டு, உப்பி, அமுங்கி, உப்பி, அமுங்கி, நெஞ்சுச் சளி கட்டிய ஏழு வயதுப் பையன் தூங்கும்போது விடுவது போல மெதுவாக மூச்சு விட்டது.

நொமாலங்கா பயப்படவில்லை. அன்று பயமே இல்லை. மண்டியிட்டு, அலமாரிப் பலகையில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

இருக்கேன்.

ஒன்பது நாட்கள் அப்படியே நடந்தது. ஆறரைக்கு இரண்டு தட்டு. அவள் ஒரு தட்டு. கிளினிக்கிலிருந்து ஓடி வந்தாள். பத்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் வேலிக்கு மேலே மாகுமாலோவிடம் சொன்னாள்.

மாகுமாலோ சிரிக்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"டப்பாவுலயா?"

"அவன்தான். மணம்கூட அவன் மணம்."

"மகளே, நீ கிளையில கூட்டிட்டு வந்தே. மூலையில வெச்சே. நான் கண்ணால பார்த்தேன், நீ அதைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்ததை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவன் டப்பாவுல இருந்தா, கிளையில வந்தது யாரு?"

அன்று மாலையே நொமாலங்கா மதென்ஜ்வாவுக்குப் போன் செய்தாள். போனில் அவருக்குப் பின்னால் ஆட்டுமணிச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே சொல்ல வந்தேன்," என்றார். "நீங்க கிளையை வெச்சது மேற்குப் பக்கம். பையன் கிடந்தது கிழக்குக் கரையில. அந்த மண்ணைத்தான் டப்பாவுல போட்டுக் குடுத்தேன். நீங்க பேசக் கூடாது. உங்ககிட்ட பேசி, நீங்க தவறி பதில் சொல்லிட்டா பையன் அங்கேயே நின்னுடுவானேன்னு வாயை மூடிக்கிட்டேன். பக்கத்துலதானே, வந்துடுவான்னு நினைச்சேன்."

"மேற்குப் பக்கம்தான் தடம் இருந்தது, பாபா. ஆள் படுத்த தடம். முகம்கூட."

மறுபடியும் ஆட்டுமணி.

"அங்க தடம் எதுவும் இல்லையே, மாம்யேனி. நான் மேலேயிருந்து பார்த்துட்டுதானே இருந்தேன். வெறும் மணல்ல கிளையை வெச்சீங்க."

*

போனை வைத்துவிட்டு அவள் பின்மூலைக்குப் போனாள்.

தரையில் பழைய பூப்போட்ட லினோலியம் விரிப்பு. கிளை சாய்ந்திருந்த இடத்தில் ஒரு வட்டக் கோடு இருந்தது. பானை வைத்த கறை என்று துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு இழை ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தாள். நீண்டுகொண்டே வந்தது. விட்டுவிட்டாள்.

அன்று வட்டம் தேநீர்க் கோப்பையின் தட்டு அளவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டு அளவு.

லினோலியத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்று கத்தியை எடுத்தாள். அடியில் சிமெண்டுத் தரை. அதற்கும் அடியில் ஜல்லி. அந்த வீட்டுக்கு அடியில் எந்தப் பொந்தும் இருக்க முடியாது. கத்தியின் நுனியை விளிம்பில் நுழைத்து நெம்பினாள். ஒரு மயிர்க்கோடு மேலே வந்தது. பிறகு, மிக நிதானமாக, அவளுடைய பலம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, அடியிலிருந்து யாரோ அதைக் கீழே இழுத்துச் சாத்தினார்கள்.

பயந்தால் மட்டும்தான் பிடித்துக்கொள்ளும் என்று சாகிலே சொல்லியிருந்தான். இதில் பயம் இல்லை.

அவளால் முடிந்ததெல்லாம் செய்தாள். மாகுமாலோ மறுபடி ஒரு கிளை வெட்டித் தந்தாள். வேலிக்கு மேலாகத்தான் தந்தாள், உள்ளே வரவில்லை. நொமாலங்கா அந்தக் கிளையை வட்டத்தின் மேல் வைத்து, "வா, வந்த இடத்துக்கே திரும்பிப் போகலாம்" என்று சொன்னாள். தூக்கினாள். கிளை இறகு போல வந்தது. எப்படி வரும்? இதுதான் உன் இடம் என்று அவளே சொல்லியாகிவிட்டது. அதே கிளையை டப்பாவின் மேல் வைத்து, "சாகிலே, வெளியே வாடா, நாம இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்" என்று கெஞ்சினாள். மூடி சாத்திக்கொண்டது. பேனாவின் மூடியால் நெம்பினாள். உள்ளேயிருந்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, அவன் இழுத்துப் பிடித்திருந்தான்.

மூடி கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். டப்பாவை உடைக்கலாம். உடைத்தால் மண் தரையில் கொட்டும். அந்தத் தரையிலா?

டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். ஒரு காலையில் போகவும் செய்தாள். டப்பாவை மடியில் வைத்து, வேனில், உம்கேனி வரை. சன்னல் ஓரம் காலியாக இருந்த இருக்கையின் ரெக்சின் அமுங்கியது. ஆற்றுப் பாலம் வந்ததும் அவள் இறங்கி, நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள்.

வழி சொல்லிக் கூட்டி வந்தது அவள்தானே.

வட்டத்தின் மேல் சோளமாவு மூட்டையைத் தூக்கி வைத்தாள். இருபத்தைந்து கிலோ. மறுநாள் மாலை வந்து பார்த்தபோது மூட்டை ஒரு முழம் தள்ளி, நேராக, யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது போல நின்றிருந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே மின்வெட்டு. தெருவில் கடைசி வெளிச்சம் தகரக் கூரைகளின் விளிம்பில் நின்றது. எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, இருமி, நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில் மாகுமாலோ தன் பேத்திகளைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம், தாழ் விழும் சத்தம், பிறகு இன்னொரு தாழ். நொமாலங்கா சாகிலேவின் கட்டில் மேல் கால்களைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பன்னிரண்டாவது டப்பா. அறைக்கதவு திறந்திருந்தது, சாத்தினால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது, திறந்திருந்தால் பின்மூலை நேராகத் தெரியும். இரண்டில் எது தாங்கக்கூடியது என்று அவள் பல மாலைகள் யோசித்திருந்தாள்.

அலமாரியில் மற்றப் பதினோரு மூடிகளும் சாத்தியிருந்தன. நாலு நாளாக அவை திறக்கவில்லை. கரப்பான் குஞ்சுகள் மண்ணின் மேல் தைரியமாக உலவிக்கொண்டிருந்தன.

ஈர மணலின் மணம் வந்தது. துரு.

இருமல் மிட்டாயின் மணம் மெலிந்தது.

பின்மூலையின் இருட்டு மற்ற இருட்டைவிட ஒரு சுற்று அதிகமாக இருந்தது. அந்த அதிகம் மெல்ல உயர்ந்தது. ஒரு விரல். பூப்போட்ட லினோலியம், பூக்களோடு, கீல் வைத்த கதவு போல ஒரு பக்கம் எழுந்து நின்றது. அடியில் வெள்ளையாகப் பட்டு. பட்டுக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை.

ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் நல்லது.

பிறகு குரல்.

"இப்ப வண்டியில ஏறிட்டோம்."

பெண் குரல். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் வாயில் வைத்துப் பார்த்துப் பார்த்து.

"இப்ப பொங்கோலாவைத் தாண்டறோம். பயப்படாதே. பாலம் இருக்கு."

அவளுடைய குரல்.

"இப்ப உம்ஃபொலோசி. பெரிய ஆறு. தாண்டிட்டோம்."

ஒவ்வொரு ஆறாக. எதையும் விடவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அதுவும் மூச்சு வாங்கியது. துகேலா. உம்கேனி. இது நம்ம தெரு.

டப்பாவை நெஞ்சோடு அணைத்தாள். பிளாஸ்டிக் சில்லிட்டிருந்தது. பட்டு மூச்சு விடவில்லை. பிடித்துக்கொண்டிருந்தான்.

"இதுதான் வாசல்."

மூடி இன்னும் ஒரு விரல்.

"உள்ள வா."

கைக்கடிகாரத்தில் ஆறரை.

மடியில், நகத்தால், மிகச் சிறியதாக, இரண்டு தட்டு.

இருக்கியா?

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவள் பதில் தட்டாமல் இருந்தது. கையில் மாவு. இப்போது கையில் எதுவும் இல்லை. விரலை மடக்கினாள். கை வரவில்லை. கட்டிலின் சட்டத்துக்கும் விரல் முட்டிக்கும் இடையில் ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தைக் கடக்க முடியவில்லை.

இரண்டு தட்டு. மறுபடியும். அவசரமாக.

பின்மூலையிலிருந்து, தரைக்கு அடியிலிருந்து, நிதானமாக, ஒரு தட்டு.

இருக்கேன்.

டப்பாவுக்குள், இத்தனை நாளாக இழுத்துப் பிடித்திருந்த மூடி, மெல்லத் திறந்தது.